குட்டைப் பிடியும் குனிந்த முதுகும்

மாமல்லபுரத்தில், கிருஷ்ண மண்டபம் என்று வழங்கும் சிற்பத்தின் முன்னே பள்ளிப் பிள்ளைகளோடு நின்றிருந்தோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பியின் உளி அங்கே ஓர் ஆயர்பாடியையே பாறையில் எழுப்பியிருக்கிறது. ஆயன் ஒருவன் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்குகிறது. நடுவே கண்ணன், ஒரு கையை உயர்த்திக் கோவர்த்தன மலையைத் தாங்குகிறான். அருகே ஓர் ஆய்ச்சி, தலைமேல் பானைகளைச் சுமந்தபடி நிற்கிறாள்.

பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, மலையையே தூக்குகிறவர், அந்த அம்மா தலையிலிருக்கிற பானையை ஏன் வாங்கி வைக்கவில்லை?”

பிள்ளைகள் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆனால், திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. கடவுளைக் கேட்ட கேள்வி என்று பாராட்டிவிட்டு நாம் தப்பித்திருக்கலாம். அது நம்மைக் கேட்ட கேள்வி! மேடையிலே மலையைப் புரட்டும் பேச்சு நமக்கு உண்டு. வீட்டிலே பானையை இறக்கி வைக்கும் பழக்கம் உண்டா?

அந்தக் கேள்வியை அடுக்களைக்கும் கொல்லைக்கும் கொண்டுபோய்ப் பார்ப்போம். வீட்டுக்கு ஒரு கருவி வாங்குகிறோம் — ஒரு துடைப்பம், ஓர் அரிவாள்மணை, ஒரு மிக்சி, கிணற்றுக்கு ஓர் இராட்டினம். “கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கும் காரியத்தில் அறமென்ன, நெறியென்ன?” என்று கேட்பார் உண்டு. இருக்கிறது, தோழர்களே! எந்தக் கருவியும் யாரோ ஒருவருடைய உடலை அளவாகக் கொண்டே செய்யப்படுகிறது. எந்தக் கருவியும், தன்னைப் பிடிப்பவர் நிமிர்ந்து நிற்பதா, குனிந்து கிடப்பதா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பது, யார் குனிய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுமாகும்.

நம் கடற்கரையையே பாருங்கள். மாமல்லபுரத்துச் சிற்பிகள் தலைமுறை தலைமுறையாக உளியும் சுத்தியும் பிடித்தவர்கள். இன்று அந்தப் பட்டறைகளின் பக்கம் போனால், மின்சாரத்தில் சுழலும் அறுப்புச் சக்கரத்தின் ஓசை காதைப் பிளக்கிறது. “ஐயோ, கலை அழிந்தது, மரபு மாண்டது!” என்று யாரும் அழவில்லை. அழவும் வேண்டியதில்லை, கல்லை உடைப்பவனுடைய தோளுக்கு ஓய்வு கிடைத்தால் கலைக்குக் குறைவு வந்துவிடாது.

கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் கட்டுமரம் கட்டிக் கடலுக்குப் போனவர்கள், இன்று இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகில் போகிறார்கள். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்த மாற்றம் இன்னும் விரைந்தது. துடுப்பு போய் இயந்திரம் வந்தது, நல்லதே! செங்கற்பட்டின் ஏரிப்பாசன வயல்களில் ஏர் போய் டிராக்டர் வந்தது, அதுவும் நல்லதே!

ஆனால், படகு கரை சேர்ந்ததும் அந்த மீனை வாங்கி விற்கப் போகிறாளே, அவள் தலையில் என்ன இருக்கிறது? கூடை! பல்லவன் காலத்து ஆய்ச்சியின் தலையிலும் பாரம். இன்றைய மீன்காரியின் தலையிலும் பாரம். பானை அலுமினியக் கூடையாக மாறியது, தலை மாறவில்லை. கல்பாக்கத்தில், 1980களிலிருந்து அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிறோம். அந்தக் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளில் மிளாறு பொறுக்கிச் சுமையாகக் கட்டித் தூக்கியதும் பெண்ணின் கழுத்தே!

ஆணின் கருவி மாறினால் அதற்குப் பெயர் முன்னேற்றம். பெண்ணின் கருவி மாறினால் மட்டும் அதற்குப் பெயர் சோம்பலா? உளிக்கு விடுதலை, துடுப்புக்கு விடுதலை, ஏருக்கு விடுதலை. துடைப்பத்துக்கு மட்டும் ஆயுள் தண்டனையா?

துடைப்பம் என்றோம். சிறிய பொருள்தான்; பெரிய பாடம் அதில் இருக்கிறது. வாசலையும் கொல்லையையும் பெருக்கும் தென்னந்துடைப்பத்தை எடுத்துப் பாருங்கள். இடுப்பு உயரம்கூட இராது. அதைப் பிடித்தவள் இடுப்பை ஒடித்து, தலையைத் தாழ்த்தி, ஒரு கையை முதுகிலோ முழங்காலிலோ ஊன்றிப் பெருக்க வேண்டும். தெருவைப் பெருக்கும் நகராட்சித் தொழிலாளியின் துடைப்பத்துக்கு நீண்ட கழி உண்டு. அதே ஈர்க்கு, அதே கட்டு! வீட்டுக்குள் வந்ததும் கழி எங்கே போயிற்று?

துடைப்பத்தை நிமிர்த்தி வைக்காதே, இலட்சுமி போய்விடுவாள் என்றொரு நம்பிக்கை நம் வீடுகளில் உண்டு. துடைப்பமே நிமிரக்கூடாத வீட்டில், அதைப் பிடித்தவள் நிமிர்வது எங்ஙனம்?

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஒரு வரலாறு உண்டு. கீரைத் தோட்டங்களிலும் கிழங்குத் தோட்டங்களிலும் களையெடுக்கும் கூலிகளுக்கு — பெரும்பாலும் மெக்சிகோ நாட்டு வழிவந்த ஏழைகளுக்கு — முழ நீளமே கைப்பிடி கொண்ட களைக்கொட்டைக் கொடுத்தார்கள். நாள் முழுதும் குனிந்தபடி கொத்த வேண்டும். நீண்ட பிடி போட்டால் என்ன என்று கேட்டபோது, குட்டைப் பிடியில்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்றார்கள் முதலாளிகள். இன்னொரு வசதியும் அவர்களுக்கு அதில் இருந்தது. தொலைவில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே கங்காணிக்குத் தெரிந்துவிடும்: நிமிர்ந்தவன் வேலை செய்யவில்லை! முதுகெலும்பு தேய்ந்து முடமானவர்களை மருத்துவர்கள் சான்றாகக் காட்டினர், தொழிலாளர் வழக்காடினர். 1975 இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து குட்டைக் களைக்கொட்டு தடை செய்யப்பட்டது. பிறகு நீண்ட பிடியிலும் கீரை விளைந்தது; உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

நம் வீட்டுக் குட்டைத் துடைப்பத்துக்கு எந்த நீதிமன்றம் தடை போடும்? அங்கே கங்காணி வெளியே நின்றான். இங்கே அவன் நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படிக்கிறான். அவன் பெயர் மகன், அண்ணன், கணவன். சில வீடுகளில் அவன் பெயர் பகுத்தறிவாளன்!

சுடுகிறதா? சுடட்டும். சுயமரியாதைத் திருமணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கை அகற்றினோம். கல்லைப் போல் அசையாமல் பொறுத்திரு என்று பெண்ணுக்கு மட்டும் போதிக்கும் சடங்கு அது. அந்தத் திருமணங்களைச் சட்டப்படி செல்லுபடியாக்கும் திருத்தத்தை, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967 இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. பெருமைக்குரிய வெற்றி! ஆனால், மணப்பந்தலிலிருந்து அம்மியை அகற்றியவர்களில் எத்தனை பேர், மறுநாள் காலையில் அதே அம்மியின் முன்னே மணமகளை அமர்த்தவில்லை? மிதிக்கத்தான் வேண்டாம் என்றோம். அரைக்க வேண்டாம் என்றோமா?

உடனே எழுவார் ருசிவாதி. “அம்மியில் அரைத்த துவையலின் ருசி மிக்சியில் வருமா?” என்பார். வராது என்றே வைத்துக்கொள்வோம். கல் மெல்ல நசுக்குகிறது, கத்தி விரைந்து வெட்டிச் சூடேற்றுகிறது, சுவை மாறலாம். உண்மையை மறுப்பது நம் வழக்கமன்று. ஆனால், நாக்கு ஒருவருடையது, தோள் இன்னொருவருடையது என்றால், அந்த ருசிக்கு வேறு பெயர் உண்டு. ருசி வேண்டுகின்ற நாக்குக்கு உரியவரே குழவியையும் பிடிக்கட்டும். அப்போது அம்மி இருக்கட்டும், நமக்குத் தடையில்லை!

அடுத்து வருவார் ஆரோக்கியவாதி. “அரைப்பதும் இடிப்பதும் பெண்களுக்கு நல்ல உடற்பயிற்சி” என்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் காலணி மாட்டிக்கொண்டு ஓடும் ஆடவர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம்: ஓடி ஏன் களைக்கிறீர்கள்? வீட்டில் ஆட்டுக்கல் இருக்கிறது! நல்ல பயிற்சிதான் என்றால் அதைப் பெண்ணுக்கு மட்டும் ஒதுக்கி வைத்த தியாகம் எதற்கு?

இவ்வளவு வாதங்களையும் தாண்டித்தான் எந்திரம் நம் அடுக்களைக்குள் வந்தது. வந்த விதம் அறியத்தக்கது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். சுற்றுவது ஒரு கை; மாவைத் தள்ளுவது மறு கை. கோவையில் 1955 இல் பி. சபாபதி உருவாக்கிய மின் மாவரைக்கும் எந்திரம் இந்த முறையைத் தலைகீழாக்கியது: குழவியை நிறுத்திக் கல்லைச் சுழலவிடும் முறை வந்தது. இரண்டு கைகளும் விடுதலை பெற்றன!

மிக்சியின் கதை இன்னும் சுவையானது. சத்திய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் ஜெர்மானிய அரைப்பான் ஒன்று இருந்தது. மேனாட்டாரின் மென்மையான உணவுக்குச் செய்யப்பட்ட அது, நம் நாட்டு அரைப்பு வேலைக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் பழுதாகி நின்றது. பழுது பார்க்க இங்கே வழியில்லை. அவருடைய துணைவியார் மாதுரி, இதைவிட வலுவான ஒன்றை நீங்களே செய்யலாகாதா என்று கேட்டார். 1963 இல் பிறந்தது சுமீத் மிக்சி. அறிவுடைய கருவி எங்கே பிறக்கிறது என்பதற்கு இதுவே சான்று: பயன்படுத்துகிற கை குறை சொல்ல வேண்டும், செய்கிற கை அதைக் கேட்க வேண்டும்.

பணம் படைத்தோர் அடுக்களைக்கு வந்தது பரம ஏழையின் குடிசைக்கு வருவது எப்போது? 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் வழங்கும் திட்டத்தை அன்றைய தமிழ்நாடு அரசு தொடங்கியது. “இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்” என்றார்கள் நாகரிகவான்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2013 ஜூலையில் அது தள்ளுபடியானது. எந்தக் கட்சி அரசு கொடுத்தது என்பதன்று நம் கேள்வி. சோம்பேறி என்று யாரைச் சொன்னார்கள்? விடியுமுன் எழுந்து அரைத்தவளையா, அரைத்ததைத் தின்றுவிட்டு அப்படிச் சொன்னவரையா? அடுப்புப் புகையின் கணக்கும் இத்தகையதே. வீட்டுக்குள் எழும் புகையால் 2020 இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிடுகிறது. எரிவாயு அடுப்பு ஆடம்பரம் என்பவர் ஒருநாள் விறகடுப்பின் முன் அமர்ந்து ஊதிப் பார்க்கட்டும்!

அப்படியானால், எந்திரம் வந்தது, விடுதலை வந்தது என்று கட்டுரையை முடித்துவிடலாமா? முடிக்க இயலவில்லை. தடுப்பது நம் வீட்டிலேயே நிற்கிறது.

முதல் மாதச் சம்பளத்தில் தாயாருக்கு ஒரு பெரிய கிரைண்டர் வாங்கினோம். கடைக்காரர் புகழ்ந்தார், பக்கத்து வீட்டார் வியந்தனர், நாமும் நெஞ்சு நிமிர்த்தினோம். சில நாள்கள் ஓடியது. பிறகு ஓசையில்லை. “ஏன் அம்மா?” என்றோம். “கல்லைத் தூக்கிக் கழுவ முடியவில்லையப்பா” என்றார். அறுபதை நெருங்கும் கைகளால் அந்தக் கல்லைத் தூக்க இயலுமா என்று நாம் எண்ணிப் பார்க்கவே இல்லை. மூலையில், பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது கிரைண்டர். ஆயுத பூசையன்று அதன் நெற்றியில் குங்குமமும் ஏறிற்று! பகுத்தறிவாளன் வீட்டிலே ஒரு புதிய விக்கிரகம்! வேண்டியவர் கையைப் பாராமல் வாங்கிய கருவி விக்கிரகமாகத்தான் முடியும்.

வெட்கத்தோடு கேட்டோம்: “உனக்கு என்னதான் வேண்டும்?” அந்தக் கேள்வியை வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்டவர்போல் தாயார் திகைத்தார். பிறகு சொன்னார்: “துடைப்பத்துக்கு ஒரு நீளக் கழி கட்டிக் கொடு. கிணற்று இராட்டினம் தேய்ந்து இழுக்கிறது, மாற்று. பாத்திரம் கழுவுகிற இடத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டு.” மூன்றும் சேர்ந்து அந்தக் கிரைண்டரின் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை!

பழமை என்பதற்காக ஒன்றைப் போற்றுவது மூடநம்பிக்கை எனில், புதுமை என்பதற்காக ஒன்றை வாங்குவதும் மூடநம்பிக்கையே. விளம்பரம் என்பது இக்காலத்துப் புராணம். ஆகவே, கடைக்குள் நுழையும் பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

இதைப் பிடிக்கப் போகும் கை யாருடையது? அந்தக் கைக்குரியவரையும் கடைக்கு அழைத்து வந்தோமா? அவரால் இதைத் தூக்க முடியுமா, கழுவ முடியுமா, நிமிர்ந்து நின்று இயக்க முடியுமா? பழுதானால் செங்கற்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ சரிசெய்ய ஆளும் உதிரிப்பாகமும் கிடைக்குமா? நம் கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்றுவிடும். இது துருப்பிடிக்காத உலோகமா? ஈரக் கையால் தொடும் கருவிக்கு மூன்று முனைச் செருகியும் நில இணைப்பும் உண்டா? குக்கரிலும் அடுப்பிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? எரிவாயுக் குழாயில் அச்சிட்ட ஆண்டு கடந்துவிட்டதா? மின்விசிறியில் எத்தனை நட்சத்திரம்? இவை கேட்டால் போதும். நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை! சனிக்கிழமை இரும்பு வாங்காதே என்பார்கள். வாங்கலாம், விலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய பின், ஆண்டுக்கொருமுறை பொட்டிடுவதைவிட, மாதமொருமுறை எண்ணெயிடுவது கருவிக்குச் செய்யும் மரியாதை.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கருவி மிச்சப்படுத்தும் நேரம் யாருடையது?

இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்டோர் அதற்கு ஒருநாளில் செலவிட்ட நேரம், 2019 இல் பெண்களுக்கு 299 நிமிடம். ஆண்களுக்கு 97 நிமிடம். 2024 இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. அதற்குள் ஆண் ஒன்பது நிமிடத்தை நழுவவிட்டான்! அதிலும், ஆணின் கணக்கு வேலையில் கை வைத்த ஆண்களுக்கு மட்டும். 2019 இல் அப்படிக் கை வைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களிலோ நூற்றுக்கு 81 பேர்.

அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983 இல் ஒரு நூலில் இதையே ஆராய்ந்தார். எந்திரங்கள் வந்தபோது குறைந்தது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வீட்டு வேலை. தாயின் வேலை குறையவில்லை என்பது அவர் கண்ட முடிவு. துவைக்க எந்திரம் வந்தால் நாள்தோறும் துவை. அரைக்க எந்திரம் வந்தால் மூன்று வேளையும் மூன்று வகைத் துவையல்! விடுபட்ட நேரத்தை வீடே விழுங்கிவிடுகிறது.

இதற்கு மருந்து எந்திரத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில், இதே செங்கற்பட்டில், டபிள்யு. பி. ஏ. சவுந்தரபாண்டியன் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். நாடு நகைத்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 இல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்துக்காக உழைத்த இல்லத்தரசிக்கு, கணவன் ஈட்டிய பொருளால் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. சொத்தில் பங்கு வந்துவிட்டது. துடைப்பத்தில் பங்கு எப்போது வரும்? அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. தீர்மானமும் திருத்தமும் வேண்டியதில்லை. இன்று மாலையே வரலாம்!

தாயாரின் துடைப்பத்துக்கு மூங்கில் கழி கட்டினோம். கட்டி முடித்து, சரிபார்க்க நிமிர்த்திப் பிடித்தபோதுதான் ஒன்று விளங்கிற்று. அது நம் தோள் உயரத்துக்கும் சரியாகவே இருந்தது. குட்டையாக இருந்தவரை அது அவருடைய துடைப்பம்; நீண்டதும் அது வீட்டின் துடைப்பம். அதைத் திருப்பித் தாயாரிடம் கொடுக்க நமக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை வாசலை நாமே பெருக்கினோம். தெரு பார்த்தது, ஒருவர் நகைத்தார், வானம் இடிந்து விழவில்லை. தாயார் திண்ணையில் அமர்ந்து, அந்த நேரத்தில், நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

இளைஞர்களே! மலையைத் தூக்குவது பிறகு இருக்கட்டும். பானையை முதலில் இறக்குங்கள். உங்கள் வீட்டுக் கருவிகளின் கைப்பிடியை நீட்டுங்கள். நீட்டிய பிடியைப் பற்ற உங்கள் கையையும் நீட்டுங்கள்!